எஞ்சின் மாறிய கார்கள்: ‘ஒறிஜினல்’ என்பதை யார் தீர்மானிப்பது?

வாகன இறக்குமதிக்கு 2020 மார்ச்சில் போடப்பட்ட தடை, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி 1ஆம் திகதி முதல் நீக்கப்பட்டது. ஆனால் வரிகளோடு சேர்த்துப் பார்த்தால் புதிய காரின் விலை சாதாரண குடும்பம் எட்டிப் பிடிக்கும் உயரத்தில் இல்லை. இடைப்பட்ட ஐந்து வருடங்களில், ஓடக்கூடிய எந்த வாகனத்துக்கும் ஒரு விலை வந்துவிட்டது. வடக்கில் வீட்டுக் கோடிகளிலும் தகரக் கொட்டில்களிலும் நிற்கும் பழைய பிரித்தானியக் கார்களும் இதற்கு விலக்கல்ல.

இந்தக் கார்களைத் தேடி ஆட்கள் வருவது புதிய விடயமல்ல. 2002இல் ஏ9 பாதை திறந்த காலத்திலேயே தெற்கிலிருந்து வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் இப்போது வருபவர்கள் கேட்கும் முதற்கேள்வி மாறியிருக்கிறது. முன்பு “ஓடுதா?” என்று கேட்டார்கள். இப்போது “எஞ்சின் ஒறிஜினலா?” என்று கேட்கிறார்கள். “இல்லை” என்றதும் விலை பாதியாகக் குறைகிறது.

இந்தக் கேள்வி மேற்குலகின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்ச் சந்தையிலிருந்து வந்தது. அங்கே அதற்குத் தெளிவான அர்த்தமும், சோதித்துப் பார்க்கும் முறையும், அதைப் பற்றிய வழக்குத் தீர்ப்பும் உண்டு. இங்கே அது பேரம் பேசும் ஒரு சொல்லாக மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது. யுத்தத்தினூடாக ஒரு காரைக் காப்பாற்றி வைத்திருந்த குடும்பம், அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாத காரணத்தால் நட்டப்படக்கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

இலக்கம், திகதி, கடதாசி

ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பது தொழிற்சாலையில் பூட்டிய அதே எஞ்சின்தானா என்பதை மூன்று விடயங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே சொல்கிறார்கள். முதலாவது, எஞ்சினில் அடித்திருக்கும் இலக்கம். இரண்டாவது, எஞ்சின் வார்க்கப்பட்ட, பூட்டப்பட்ட திகதிகள். மூன்றாவது, தொழிற்சாலையின் பதிவேடு. இதில் ஒன்று மட்டும் சரியாக இருந்தால் போதாது.

அமெரிக்காவின் கொர்வெட் காரை எடுத்துக்கொள்வோம். 1960களில் வந்த கொர்வெட்டின் எஞ்சினில், வலப்பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் புளொக்கில் ஒரு சிறிய தட்டையான இடம் உண்டு. அதில் இரண்டு வரிசை இலக்கங்கள் அடிக்கப்பட்டிருக்கும். ஒன்று, எந்தத் தொழிற்சாலையில் எந்த மாதம் எத்தனையாம் திகதி எஞ்சின் பூட்டப்பட்டது, அது எந்த ரகம் என்பதைச் சொல்லும். மற்றையது, காரின் சொந்த இலக்கத்தின் கடைசிப் பகுதி. இவற்றைவிட, புளொக்கின் பின்பகுதியில் அது வார்க்கப்பட்ட திகதி உலோகத்திலேயே எழும்பி நிற்கும். அதில் மாதத்தை ஆங்கில எழுத்தொன்று குறிக்கும்.

இந்தத் திகதிகள் ஒரு ஒழுங்கில் வரவேண்டும். முதலில் வார்ப்பு, பிறகு எஞ்சின் பூட்டிய நாள், கடைசியில் கார் கட்டி முடித்த நாள். ஜனவரியில் கட்டி முடித்த காரில் மார்ச்சில் வார்த்த புளொக் இருந்தால், இலக்கம் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் அது அந்தக் காரின் எஞ்சின் அல்ல. வார்ப்புத் திகதி ஒரு வருடத்துக்கு முந்தியதாக இருந்தாலும் சந்தேகம் எழும்.

ஜகுவார் ஈ-ரைப் காரில் முறை சற்று வேறு. எஞ்சின் இலக்கம், எண்ணெய் பில்ற்றருக்கு மேலே புளொக்கில் அடிக்கப்பட்டிருக்கும். அதே இலக்கம் சிலிண்டர் ஹெட்டிலும் இருக்கும். இலக்கத்தின் முடிவில் வரும் 8 அல்லது 9, எஞ்சினின் அமுக்க விகிதத்தைக் காட்டும். எஞ்சின் அறைக்குள் உள்ள தகட்டில் கார், எஞ்சின், பொடி, கியர்பொக்ஸ் ஆகிய நான்கின் இலக்கங்களும் உண்டு. நான்கும் காரில் உள்ளவற்றோடு பொருந்தி, அதையே நிறுவனத்தின் மரபுரிமைக் காப்பகம் வழங்கும் சான்றிதழும் சொன்னால், அந்தக் காரை ‘இலக்கங்கள் பொருந்திய’ கார் என்பார்கள்.

பொய் இலக்கம்

ஒரு இலக்கத்துக்காக விலை இவ்வளவு ஏறும்போது, இலக்கத்தையே பொய்யாக அடிப்பவர்களும் வருவார்கள். வேறொரு காரின் எஞ்சினை எடுத்து, பழைய இலக்கத்தை அரைத்துவிட்டு, தேவையான இலக்கத்தை அடிப்பதுதான் வழமையான மோசடி.

இதைப் பிடிப்பதற்கும் வழிகள் உண்டு. கொர்வெட் எஞ்சினின் அந்தத் தட்டையான இடத்தைத் தொழிற்சாலையில் இயந்திரம் சீவும்போது மெல்லிய சமாந்தரக் கோடுகள் விழும். அரைத்த இடத்தில் அந்தக் கோடுகள் இருக்காது. எழுத்தின் வடிவம், ஆழம், இடைவெளி என்பனவும் காட்டிக்கொடுக்கும். அரைத்து அழித்த இலக்கத்தையும் சிலவேளை மீட்கலாம். இலக்கத்தை அடிக்கும்போது அதற்குக் கீழே உள்ள உலோகமும் நெரிபடுகிறது. மேற்பரப்பை அரைத்தாலும் அந்த நெரிவு உள்ளே தங்கிவிடும். அமிலம் பூசியோ, காந்தத் துகள்களைப் பயன்படுத்தியோ அதை வெளிக்கொண்டு வருவது தடயவியலில் நெடுங்காலமாக உள்ள முறை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் மாறியது குற்றமல்ல. மாறாதது போலக் காட்டுவதுதான் குற்றம். அங்குள்ள சந்தையும் இந்த வித்தியாசத்தை அறியும். “எஞ்சின் பின்னர் மாற்றப்பட்டது, ஆனால் அதே காலத்து, அதே ரகம்” என்று நேர்மையாகச் சொல்லி விற்கப்படும் காருக்கும் ஒரு மரியாதையான விலை கிடைக்கிறது. பொய் இலக்கம் கண்டுபிடிக்கப்பட்ட காரோ விலையை மட்டுமல்ல, நம்பிக்கையையும் இழக்கிறது.

ஸ்போர்ட்ஸ் காருக்கும் ரக்ஸிக்கும் ஒரே எஞ்சின்

கொர்வெட்டுக்கும் ஜகுவாருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எங்கள் தெருக்களில் ஓடியவை ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், மொறிஸ் மைனர் போன்ற குடும்பக் கார்களும் வாடகைக் கார்களும்தான். ஆனால் சம்பந்தம் நேரடியாகவே இருக்கிறது.

1950களில் ஒஸ்ரினும் மொறிஸும் எம்ஜியும் பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷன் என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தன. அந்த நிறுவனத்தின் ‘பி சீரிஸ்’ எஞ்சின்தான் 1955இல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது, மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டிலும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜிலும் இருந்தது. அளவும் ஒன்றே: 1489 சீசீ. பின்னர் எம்ஜிஏயின் கடைசி ரகத்துக்கும் ஒஸ்ரின் ஏ60க்கும் 1622 சீசீ எஞ்சின் வந்தது. இந்தியாவின் அம்பாசிடர் கார் பல வருடங்கள் ஓடியதும் இதே குடும்பத்து எஞ்சினில்தான்.

ஆகவே இங்கிலாந்தில் எம்ஜிஏ ஒன்றை வாங்குபவர் செய்யும் முதற்சோதனையே, இது ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினா, குடும்பக் காரிலிருந்து கழற்றிப் போட்டதா என்பதுதான். அதற்கு எஞ்சின் இலக்கத்தின் முன்னெழுத்துகள் உதவும். முதலில் வரும் 15, 16, 18 என்பவை எஞ்சினின் அளவைக் குறிக்கும். அடுத்து வரும் ஜீ என்ற எழுத்து எம்ஜியைக் குறிக்கும். முடிவில் வரும் எச் அல்லது எல், அமுக்க விகிதம் கூடியதா குறைந்ததா என்பதைச் சொல்லும். 1962இல் வந்த எம்ஜிபி காரில் 18 ஜீ என்று தொடங்கிய எஞ்சின், 1964இன் பிற்பகுதியில் ஐந்து மெயின் பெயாரிங்கோடு 18 ஜீபீ ஆனது. 1963இல் கட்டிய காரில் 18 ஜீபீ எஞ்சின் இருந்தால் அது பிறகு வந்தது என்று உடனே சொல்லிவிடலாம்.

ஆனால் இந்த எஞ்சின்களின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. இலக்கம் ஒரு சிறிய தகட்டில் அடிக்கப்பட்டு, அந்தத் தகடு புளொக்கில் ரிவெற் பண்ணப்பட்டிருக்கிறது. தகட்டைக் கழற்றி வேறொரு புளொக்கில் போடுவது பெரிய வேலையல்ல. அதோடு, நிறுவனமே ‘கோல்ட் சீல்’ என்ற பெயரில் திருத்தியமைத்த எஞ்சின்களைப் பழையதற்கு மாற்றாகக் கொடுத்தது. அதாவது பிரித்தானியாவிலேயே, யுத்தமோ தடையோ இல்லாத காலத்திலேயே, ஏராளமான கார்கள் தங்கள் முதல் எஞ்சினை முறைப்படி இழந்திருக்கின்றன.

மண்ணெண்ணெய்க் காலம் செய்தது

எங்கள் கார்களின் எஞ்சின் மாறியதற்குக் காரணம் வேறு. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. சில துளி பெற்றோலை காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலத்தை இதை வாசிக்கும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். எண்ணெய் கலந்து ஓட்டியவர்களும் உண்டு. நோயாளியும் கர்ப்பிணியும் அந்தக் கார்களில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

பழைய எஞ்சின்கள் இதைத் தாங்கியதற்குக் காரணம் அவற்றின் குறைந்த அமுக்க விகிதம். ஆனால் தாங்கியதற்கு ஒரு விலை இருந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது பிஸ்ரன் றிங்ஸைக் கடந்து கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கும். எண்ணெய் இளகினால் பெயாரிங் தேயும், போர் தேயும். வால்வுகளில் கரி படியும். திரும்பத் திரும்ப போர் பண்ணி, கடைசியில் போர் பண்ணச் சுவரே இல்லாத நிலை வரும். அப்போது இன்னொரு காரின் புளொக்கைத் தேடுவதைத் தவிர வழியில்லை. பாதை திறந்த பின்னர் சிலர் ஜப்பானிய டீசல் எஞ்சின்களைப் போட்டார்கள்.

இதனோடு கடதாசியும் போனது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, எல்லோரும் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. வன்னியில் 2009இல் கைவிடப்பட்ட வாகனங்களின் கதி எங்களுக்குத் தெரியும். வாகனமும் அதை உரிமை கோரத் தேவையான கடதாசியும் ஒரே இடத்தில் எரிந்துபோனவர்கள் பலர். காணிக்கும் வீட்டுக்கும் கேட்கப்பட்ட “என்ன ஆதாரம் இருக்கு?” என்ற அதே கேள்வி வாகனத்துக்கும் கேட்கப்பட்டது.

எனவே எங்கள் ஊர்ப் பழைய கார் ஒன்றில் எஞ்சின் இலக்கம் பொருந்தவில்லை என்றால், அது ஒரு குறைபாட்டைப் பற்றிய தகவல் மட்டுமல்ல. அந்தக் கார் எந்தக் காலத்தில் எங்கே ஓடியது என்பதைப் பற்றிய தகவலும்தான்.

லண்டன் நீதிமன்றம் சொன்னது

‘ஒறிஜினல்’ என்ற சொல்லைப் பற்றிய புகழ்பெற்ற வழக்கு 1990இல் இங்கிலாந்து மேல் நீதிமன்றத்தில் நடந்தது. வழக்கின் மையம் ‘ஓல்ட் நம்பர் வன்’ என்று அழைக்கப்பட்ட பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார். 1929இலும் 1930இலும் லே மான்ஸ் 24 மணிநேரப் போட்டியில் வென்ற கார் அது. 1932இல் அது 8 லீற்றர் எஞ்சினோடு புறூக்லாண்ட்ஸ் போட்டியில் ஓடியபோது விபத்துக்குள்ளாகி, சாரதி கிளைவ் டன்பி இறந்தார். பிறகு அது வேறு பொடியோடு மீண்டும் கட்டப்பட்டது.

அதை 1 கோடி பவுண் பெறுமதிக்கு வாங்க மிடில்பிரிட்ஜ் என்ற நிறுவனம் உடன்பட்டது. பின்னர், இது அந்தப் பழைய கார் அல்ல என்று சொல்லிப் பின்வாங்கியது. உரிமையாளர் வழக்குப் போட்டார். சாட்சியமளித்த நிபுணரின் கணிப்பில், 1930ஆம் ஆண்டு ஓடிய காரில் மிஞ்சியிருந்தவை பெடல் தண்டு, கியர்பொக்ஸ் கூடு, ஸ்டியரிங் தண்டு போன்ற ஒருசில பாகங்களே. வென்றபோது இருந்த எஞ்சின் இல்லை. சட்டகமும் மாறியிருந்தது.

நீதியரசர் ஓட்டன் தந்த தீர்ப்பின் சாரம் இதுதான்: தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பாகங்கள் இல்லாததால் இதை ‘ஒறிஜினல்’ என்று சொல்லமுடியாது. ஆனால் இது ‘ஓல்ட் நம்பர் வன்’ தான். ஏனெனில் எந்தவொரு கட்டத்திலும் இந்தக் கார் அழிந்து, வேறொரு கார் அதன் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. பாகங்கள் ஒவ்வொரு காலத்தில் மாறினாலும் காரின் வரலாறு அறுபடாமல் வந்திருக்கிறது. உரிமையாளர் வென்றார்.

இந்தத் தீர்ப்பில் எங்களுக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, ஒறிஜினல் எஞ்சின் வேறு, உண்மையான கார் வேறு. எஞ்சின் மாறியதால் உங்கள் கார் பொய்யாகிவிடாது. மற்றையது இன்னும் முக்கியமானது. அந்த உரிமையாளர் வென்றது, காரின் ஒவ்வொரு மாற்றத்தையும் யாரோ எழுதி வைத்திருந்ததால். எப்போது எஞ்சின் மாறியது, யார் மாற்றியது, ஏன் மாற்றியது என்பதற்கு எழுத்து இருந்தது. வரலாறு அறுபடவில்லை என்று வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும்.

விற்பதற்கு முன்

இங்கே வாங்க வருபவர்கள் மூன்று வெவ்வேறு விடயங்களை ஒரே சொல்லுக்குள் போட்டுக் குழப்புகிறார்கள். தொழிற்சாலையில் பூட்டிய எஞ்சின் ஒன்று. இலங்கையில் முதன்முதலில் பதிவு செய்தபோது இருந்த எஞ்சின் இன்னொன்று. இன்றைய பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் மூன்றாவது. பதிவுச் சான்றிதழோடு பொருந்துகிறது என்பது சட்டப்படி முக்கியமானது. ஆனால் அது தொழிற்சாலை எஞ்சின் என்பதற்கு ஆதாரமல்ல. அதேபோல, தொழிற்சாலை எஞ்சின் இல்லை என்பதற்காக உங்கள் உரிமை எந்த வகையிலும் குறையாது.

தொழிற்சாலை எஞ்சின் எது என்பதை அறிய வழியிருக்கிறது. இங்கிலாந்தின் கேய்டன் என்ற இடத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகத்தில் எம்ஜி, ஒஸ்ரின், மொறிஸ் உட்படப் பல கார்களின் உற்பத்திப் பதிவேடுகள் பாதுகாக்கப்படுகின்றன. சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்து, கட்டணம் செலுத்தினால், பதிவேடு உள்ள கார்களுக்குக் கட்டிய திகதி, எஞ்சின் இலக்கம், நிறம் என்பவற்றோடு ஒரு சான்றிதழ் தருவார்கள். புலம்பெயர்ந்த உறவு ஒருவர் அங்கே இருந்தால் இது இன்னும் இலகு. எல்லா மாதிரிக்கும் பதிவேடு கிடையாது என்பதால் முதலில் விசாரிக்க வேண்டும்.

இலக்கத் தகடும் ஒரு சாட்சிதான். ஆங்கில எழுத்து கொண்ட பழைய தகடா, சிங்கள ஸ்ரீ எழுத்து கொண்ட தகடா என்பது, கார் எந்தக் காலத்தில் முதலில் பதியப்பட்டது என்பதைக் காட்டும். அந்த ஸ்ரீ எழுத்துக்கு எதிராக 1957, 58இல் தமிழரசுக் கட்சி நடத்திய போராட்டம் எங்கள் அரசியல் வரலாற்றின் பகுதி. ஒரு தகட்டைத் தூக்கி எறிவதற்கு முன் இதையும் நினைக்கலாம்.

நான் வற்புறுத்த விரும்புவது நான்கு விடயங்கள். முதலாவது, எஞ்சின் இலக்கத்தை அரைக்கவோ மீண்டும் அடிக்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். “சின்ன வேலை, விலை கூடும்” என்பார்கள். இலக்கம் அழிந்த வாகனம் களவு வாகனமாகவே பார்க்கப்படும். இரண்டாவது, எஞ்சின் மாற்றியது பதிவில் இல்லாவிட்டால், விற்க முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முறைப்படி பதிந்துகொள்ளுங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். மூன்றாவது, சேசிஸ் இலக்கத்தின் மேல் கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுங்கள். எஞ்சின் தகட்டைப் படம் பிடியுங்கள். எஞ்சினை யார், எந்த வருடம், எந்தக் கராஜில் மாற்றினார் என்பதை அப்பாவோ மாமாவோ இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அந்த மெக்கானிக் உயிரோடு இருந்தால் அவரிடம் ஒரு கையெழுத்தும் வாங்குங்கள்.

நான்காவது, ‘ஓப்பன் பேப்பர்’ என்று சொல்லப்படும் முறையில், கையெழுத்து மட்டும் வைத்துக் காரைக் கொடுத்துவிடாதீர்கள். உரிமை மாற்றம் முடியும்வரை அந்த வாகனம் உங்கள் பெயரில்தான் ஓடும். அதன் எஞ்சினில் நாளை யாராவது பொய் இலக்கம் அடித்தாலும், வேறொரு காரியத்துக்கு அது பயன்பட்டாலும், முதலில் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். சோதனைச் சாவடிகளில் ஒரு வாகன இலக்கத்துக்காக எத்தனை பேர் எத்தனை மணிநேரம் பதில் சொன்னார்கள் என்பதை மறந்த சமூகமல்ல நாங்கள்.

எஞ்சின் ஒறிஜினலா என்று கேட்டால் தலை குனியத் தேவையில்லை. “இல்லை. 1993இல் மாற்றியது. இன்ன காரின் புளொக். இதோ எழுத்து” என்று சொல்லக்கூடிய குடும்பத்தோடு பேரம் பேசுவது எந்தத் தரகருக்கும் கடினம். அந்த எழுத்து ஒரு கொப்பியின் இரண்டு பக்கமாக இருந்தாலும் போதும். அதை எழுதக்கூடியவர்களின் வயது இப்போது எழுபதைத் தாண்டிக்கொண்டிருக்கிறது.